மூடிய பெட்டியின் பலம்

பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை எல்லோரும் பார்த்திருப்போம். மூலையில் சின்ன ஓட்டை மட்டும் போட்டு எண்ணெய் வடித்த காலி டின்னை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையாது. பிறகு அதன் மேல்தகட்டை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். வாய் கோணிக்கொண்டு போகும். தண்ணீர் சுமப்பதற்காக வாயின் குறுக்கே ஒரு மரக்கட்டையை அடித்ததும் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். தகரம் அதேதான், அதன் கனமும் அதேதான். ஒரு பக்கம் திறந்ததும் பலம் போனது, குறுக்கே ஒன்று கட்டியதும் பாதி திரும்பி வந்தது.

பழைய சின்னக் கார் ஒன்றைப் பந்தயக் காராக மாற்றுகிறவர் செய்யும் வேலை முழுவதும் இந்த டின்னுக்குள் அடங்கிவிடும். அந்த வேலையை விளக்க மினியைவிடப் பொருத்தமான கார் கிடையாது.

1959 ஆகஸ்டில் இங்கிலாந்தில் அறிமுகமான மினியின் நீளம் பத்தே அடி. அகலம் 1.41 மீட்டர். சக்கரம் பத்து அங்குலம். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில், நான்கு பேர் உட்காரக்கூடிய மிகச் சிறிய காரைக் கேட்டது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன். அவர் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். சுருள்வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகளை வைத்தார். இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த இத்தனையும் பந்தயத்துக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை மினியின் கூப்பர் எஸ் என்ற வகை வென்றது. 1966-ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 500 மைல் பந்தயத்தில் முதல் ஒன்பது இடங்களும் மினிகளுக்கே போயின.

இஸிகோனிஸைப் பற்றி ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். அவர் 1930-களில் நண்பர் ஜார்ஜ் டௌசனுடன் சேர்ந்து தன் கையாலேயே ஒரு சின்னப் பந்தயக் கார் கட்டினார். அதற்கு லைட்வெயிட் ஸ்பெஷல் என்று பெயர். அதில் தனி சேஸிஸ் கிடையாது. ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் சேர்ந்த பக்கச்சுவர்களே காரின் எலும்பு. ரப்பர்தான் வில். தோலே எலும்பாக வேலை செய்ய முடியும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டு மாலைநேரங்களில் தன் கையால் வளைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மினியின் கூடு அந்த அறிவிலிருந்து வந்தது.

நம் ஊர்க் காரோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் கீழே தனியாக இரும்புச் சட்டம் உண்டு. பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன்மேல் மாட்டியிருப்பார்கள். கூரையைக்கூட போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். பாரம் தாங்குவது பெரும்பாலும் கீழே உள்ள சட்டம். மினிக்கு அப்படி ஒரு முழுச் சட்டம் இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சப்ஃபிரேம்கள் மட்டும் உண்டு. இன்ஜினும் முன்சக்கரங்களும் முன் சப்ஃபிரேமில், பின்சக்கரங்கள் பின் சப்ஃபிரேமில். முதல் மாதிரிக் கார்களில் இவையும் இல்லை. சக்கர அமைப்பை நேராகப் பாடியிலேயே மாட்டி ஓட்டியபோது தகடு விரிசல் விட்டது. அதன் பிறகே சப்ஃபிரேம்கள் வந்தன. இந்த இரண்டையும் இணைத்து நிறுத்துவது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடுதான்.

அவ்வளவு மெல்லிய தகடு எப்படித் தாங்குகிறது? இங்கே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குழலாகச் சுருட்டி, ஓரங்கள் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்து இரண்டு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். தடையே இல்லாமல் முறுகும். ஓரத்தைக் கவனித்தால் ஒரு விளிம்பு மற்றதை உரசிக்கொண்டு நீளவாக்கில் வழுக்குவது தெரியும். இப்போது அந்த ஓரங்களை நீளம் முழுக்க செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள். குழல் எதிர்த்து நிற்கும். நீங்கள் தடுத்தது அந்த வழுக்கலை மட்டும்தான். மூடிய குழலில் முறுக்குவிசை சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒரு இடத்தில் கீறிவிட்டால் ஓட வழியில்லை. கணக்கும் அதையே சொல்கிறது. ஆரம் 50 மில்லிமீட்டர், சுவர் கனம் 1 மில்லிமீட்டர் உள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுத்தால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு 7,500-ல் ஒரு பங்காகிவிடும். எடையில் ஏறக்குறைய ஒன்றும் குறைந்திருக்காது.

மினிக்குள் இப்படிப்பட்ட மூடிய குழல்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பதுதான் பந்தயக்காரரின் முதல் வேலை. இரண்டு கதவுகளுக்கும் கீழே நீளமாக ஓடும் பெட்டிகள், அவற்றை சில் என்பார்கள். தரையின் நடுவே, சைலன்ஸர் குழாய் போகும் மேடு. இன்ஜினுக்கும் ஆட்களுக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரில் குறுக்கே ஓடும் பெட்டி. முன் சப்ஃபிரேமின் கோபுரங்கள் அதில்தான் போல்ட் போட்டு மாட்டப்படுகின்றன. பின்சீட்டுக்குக் கீழேயும் பின்னாலும் உள்ள தகடுகள். கடைசியாகக் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும். காரைக் கையில் தூக்கிப் பார்க்க முடிந்தால், இதுவே அந்த எண்ணெய் டின்.

துரு முதலில் பிடிப்பதும் இந்தப் பெட்டிகளைத்தான். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். ஆரம்பகால மினிகளில் தரைத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் தவறான பக்கம் பார்த்திருந்ததால், ஓடும்போது சாலைத் தண்ணீர் உள்ளே தள்ளப்பட்டது. உள்ளே கால்மிதிகள் ஊறிப்போயின. பழுதுபார்க்கிறோம் என்று பழைய சில்லை எடுக்காமலே அதன்மேல் புதுத் தகட்டை வைத்து மூடிவிடும் வேலையும் நிறைய நடந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே சல்லடை. இந்த வேலையை மன்னிக்க என்னால் முடியவில்லை. கார் ஓடும்போது தாங்க வேண்டிய எலும்பை மறைத்து விற்பது ஏமாற்று.

ஆகவே வேலை தொடங்குவது பெயிண்டையும் சத்தம் அடக்கும் தாரையும் முழுக்கச் சுரண்டி எடுப்பதில். கெட்ட தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் அடித்து நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால், சில்லை அறுத்த கணத்தில் கூடு தன் எடையாலேயே நடுவில் தொய்ந்துவிடும். கதவு இடுக்கு மேலே ஒட்டும், கீழே விரியும். அந்த நிலையில் புதுச் சில்லை வைத்து வெல்டிங் அடித்தால், கோணல் அப்படியே நிரந்தரமாகிவிடும். நல்ல டிங்கர் ஒருவர் வேலை செய்வதைக் கவனியுங்கள். அறுப்பதற்கு முன்பும் பின்பும் கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பார். விரலை இடுக்கு வழியே ஓட்டுவார். மூலைக்கு மூலை டேப் பிடித்து அளப்பார். காரின் கூட்டுக்கு நாடி பார்ப்பது அந்தக் கதவு இடுக்கில்தான்.

அடுத்தது இணைப்புகள். ஆலையில் மினியின் தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்தார்கள். இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே தகடுகளை நெருக்கி மின்சாரம் பாய்ச்சினால், பொட்டு அளவில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு பொட்டு. மினியின் வெளிப்பக்கத்தில் மூலைக்கு மூலை துருத்திக்கொண்டிருக்கும் மடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த செம்பு முனைகள் எளிதாகப் பிடிக்கவே விளிம்புகளை இஸிகோனிஸ் வெளியே திருப்பி வைத்தார். செலவைக் குறைக்கச் செய்த அந்த ஏற்பாடே காரின் முகமாகிவிட்டது.

பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே தகடுகள் ஒட்டியிருப்பதில்லை. ஒட்டாத தாள்குழலின் ஓரம் வழுக்கியதுபோல, இங்கேயும் மிக நுண்ணிய வழுக்கல் நடக்கிறது. பந்தயத்துக்கு அந்த இடைவெளிகளையும் வெல்டிங்கால் மூடுகிறார்கள். ஆனால் ஒரே மூச்சில் நீளமாக அடிக்கக் கூடாது. மெல்லிய தகடு சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அலை அலையாக நெளிந்துவிடும். அதனால் 25 மில்லிமீட்டர் அடித்து, அதே அளவு அல்லது அதற்கு மேல் விட்டு, அடுத்ததை எதிர்ப் பக்கத்தில் அடித்து, ஆறவிட்டு, திரும்பி வந்து அடிப்பார்கள். தையல்காரர் துணியைச் சுருக்கம் விழாமல் ஓட்டுவதுபோல இது பொறுமையின் வேலை. முழுக் கூட்டையும் கம்பியில் கோத்த கோழிபோல ஒரு சுழல் தாங்கியில் மாட்டித் திருப்பித் திருப்பிச் செய்வார்கள்.

வெளி மடிப்புகளை அறுத்துவிட்டு மழமழவென்று ஆக்குவதும் பந்தயக்காரர்களிடம் உண்டு. எடை கொஞ்சம் குறையும், காற்றுத் தடையும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த மடிப்பில்தான் எல்லா ஸ்பாட் பொட்டுகளும் இருக்கின்றன. முதலில் மடிப்பின் அடியில் உள்ள கோட்டை முழுக்க வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு அறுக்க வேண்டும். முறை மாறினால், சட்டையின் தையலைக் கத்தரித்ததுபோல் கூடு பிரிந்துவிடும். கூரை ஓரத்து மழைநீர் வடிகாலுக்கும் இதே விதிதான். கூரையும் பக்கச்சுவரும் சேருமிடம் அது. அகலச் சக்கரம் மாட்டுவதற்காகச் சக்கர வளைவை வெட்டும்போதும் இதைத்தான் மறக்கிறார்கள். உள்வளைவும் வெளித்தகடும் சந்திக்கும் ஓரத்தை அறுத்தெடுத்தால், இரண்டையும் மீண்டும் சேர்த்து மூட வேண்டும். ஃபைபர் வளைவு ஒன்றை மேலே ரிவெட் அடித்து மறைப்பதால் மட்டும் பலம் வராது.

இவ்வளவு விறைப்பு எதற்கு என்று கேட்கலாம். மினி வளைவில் பாயும் பழைய புகைப்படம் எதையாவது பாருங்கள். உள்பக்கப் பின்சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டிருக்கும். அது விபத்தல்ல. மினி முன்சக்கரத்தால் இழுபடும் கார். உள்பக்க முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் இழுவை போய்விடும். அதனால் பின்பக்கத்தை வேண்டுமென்றே விறைப்பாக்கி, சாயும் காரின் சுமையைப் பின்னால் கூடுதலாக ஏற்றி, முன்சக்கரங்கள் இரண்டையும் தரையில் வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்துச் சாய்வைப் பின்பக்கம் எதிர்த்து நிறுத்த வேண்டுமென்றால், நடுவில் உள்ள கூடு அந்த முறுக்கைக் கடத்த வேண்டும். கூடு தொளதொளத்தால், பின்னால் சாய்வைத் தடுக்க எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் முன்சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேராது.

இரண்டு வில்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்ததுபோல இதை நினைக்கலாம். சக்கர அமைப்பின் விறைப்பும் கூட்டின் விறைப்பும் சமமாக இருந்தால், கிடைப்பது பாதிதான். கூடு பத்து மடங்கு விறைப்பாக இருந்தால், இழப்பு பதினொன்றில் ஒரு பங்கு. பட்டறையில் இதை அளக்கவும் முடியும். கூட்டின் பின்பக்கத்தை அசையாமல் இறுக்கி, முன்பக்கம் குறுக்காக ஒரு நீளச் சட்டத்தைக் கட்டி, நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 100 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 981 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி ஒரு டயல் கேஜ் வைத்தால், கூடு ஒரு பாகை முறுகியிருந்தால் அது சுமார் 10.5 மில்லிமீட்டர் காட்டும். வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பார்த்தவர் வாய்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை.

பிறகு வருவது கூண்டு. ஓட்டுநரைச் சுற்றிப் போடும் இரும்புக் குழாய்க் கூண்டு உயிர் காப்பதற்கு. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதிப்படி, முதன்மை வளைவுக்குக் குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத எஃகுக் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் சுவர், அல்லது 50-க்கு 2. கூண்டின் கால்கள் தகட்டில் ஊன்றும் இடங்களில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமுள்ள வலுவூட்டும் தகடு வேண்டும். காரணம் தெளிவு. கார் குப்புற விழும்போது, அடியில் தகடு இல்லாத குழாய், மெல்லிய தரையை ஊசி தாளைத் துளைப்பதுபோலத் துளைத்துவிடும்.

நன்றாகக் கட்டிய கூண்டு விறைப்பையும் சேர்த்துத் தருகிறது. தீக்குச்சிகள் நான்கை மூலையில் கட்டிச் சதுரமாக்குங்கள், தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியைக் கட்டினால் சாயாது. கதவு வாசலில் பெருக்கல்குறிபோல் போடும் குழாய்களுக்கும், பின்வளைவின் குறுக்குக் குழாய்க்கும் வேலை இதுதான். கதவு வாசல் கூட்டிலேயே பெரிய ஓட்டை. அதை மூட முடியாது, குறுக்கே கட்டத்தான் முடியும். எண்ணெய் டின்னின் மரக்கட்டை இங்கே வருகிறது.

சக்கரத்தின் விசை கூட்டுக்குள் நுழையும் வழியை மாற்றும்போதும் விழிப்பு வேண்டும். மினியின் ரப்பர் கூம்பு பாரத்தைச் சப்ஃபிரேமுக்குள்ளேயே இறக்குகிறது. ஆனால் பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் மாட்டியிருக்கும். அந்த இடம் அதிர்வை அடக்கும் விசைக்காக மட்டும் செய்யப்பட்டது. ரப்பரை எடுத்துவிட்டுச் சுருள்வில் சேர்ந்த ஷாக் அப்சார்பரைப் பின்னால் மாட்டினால், காரின் பின்பாதி முழுவதும் அந்தச் சின்ன மூலையில் தொங்கும். பலப்படுத்தாமல் விட்டால், கிழிவது தகடு.

இதெல்லாம் முடிந்த பிறகே எடைக் குறைப்பு. பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், அதுதான் தவறு. பானெட், டிக்கி மூடி, கதவுத் தோல் ஆகியவை தாங்கும் எலும்பு அல்ல. அவற்றை ஃபைபரில் மாற்றலாம். 0.9 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் 7 கிலோ. 2 மில்லிமீட்டர் ஃபைபர் அதில் பாதிக்கும் குறைவு. பக்கக் கண்ணாடிகளையும் பின்கண்ணாடியையும் பாலிகார்பனேட்டில் மாற்றினால் எடை பாதியாகும். முன்முகம் முழுவதையும் ஒரே ஃபைபர் வார்ப்பாக ஆக்கித் தூக்கும்படி வைப்பதும் உண்டு. அப்போது முன் சப்ஃபிரேமின் முன்முனையைப் பிடித்திருந்த தகடு போய்விடுகிறது. தடுப்புச் சுவரிலிருந்து அதற்குக் குழாய்த் தாங்கல் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கே குறைக்கிறோம் என்பது எவ்வளவு குறைக்கிறோம் என்பதற்கு நிகரானது. ஓட்டுநரோடு 650 கிலோ, எடைமையம் தரையிலிருந்து 45 செ.மீ., சக்கர அகலம் 1.2 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்குச் சமமான விசையில் வளையும்போது சுமார் 244 கிலோ பாரம் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும். 1.3 மீட்டர் உயரத்தில், கூரை அருகே, 10 கிலோ எடுத்தால் எடைமையம் 13 மில்லிமீட்டர் இறங்கும். அதே 10 கிலோவைக் காரின் தரைத்தகட்டருகே எடுத்தால் எடைமையம் சில மில்லிமீட்டர் ஏறிவிடும். மேலே உள்ள கண்ணாடியை முதலில் தொடுவது இதனால்தான்.

கூரைத் தகட்டையே மெலியவைக்கலாமே என்று நினைத்தவர்களும் உண்டு. 1960-களில் சில அணிகள் முழுக் கூட்டையும் அமிலத்தில் அமிழ்த்தித் தகட்டை அரித்து மெலியவைத்தன. தகட்டின் கனம் பாதியானால், வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். கூரை கை பட்டாலே டப் டப்பென்று உள்வாங்கும். அமெரிக்காவில் ரோஜர் பென்ஸ்கே அணி தன் கமரோ காரின் கூரையில் தெரிந்த நெளிவுகளை வினைல் உறையால் மூடியது. ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் தகட்டில் இப்படி மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

இப்போது மினியின் புதுக் கூடுகள் இங்கிலாந்தின் விட்னியில் பழைய அச்சுகளைக் கொண்டே தயாராகின்றன. அதனால் அரிதான பழைய கூட்டை அறுக்க வேண்டிய கட்டாயம் பந்தயக்காரர்களுக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஃபியட் 1100 போன்ற பழைய கார்களுக்கு அந்த வசதி இல்லை. அதுவும் தோலே எலும்பாக உள்ள கார்தான். உங்கள் கொட்டகையில் அப்படி ஒன்று நின்று, பந்தய ஆசையும் இருந்தால், கிரைண்டரை எடுக்கும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள பெட்டியை அடிப்பக்கமாக முனையிலிருந்து முனைவரை குத்திப் பாருங்கள். எங்காவது உள்ளே இறங்கினால், முதல் வேலை அங்கே.